புளிக்களத்தில் நீ கேட்ட கதை

அன்புள்ள ஜோசப்,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு என்னை மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பகலில் நான்கு தடவை பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தேன், நலம் விசாரித்ததோடு கை நின்றுவிட்டது. சற்றுமுன் உன் அப்பா புரண்டு படுத்து, “யாருக்கு இந்நேரத்துல?” என்றார். உனக்கு என்றேன். “முறுக்கு நொறுங்காம போய்ச் சேந்துச்சான்னு கேளு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். கேட்டாயிற்று. இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. அறையில் இருக்கும் அந்த மதுரைப் பையனுக்கு எதையும் சத்தமாகப் படித்துக்காட்டுவது உன் பழக்கம் என்று எழுதியிருந்தாய். இதை மட்டும் வேண்டாம்.

நீ அனுப்பிய கல்லூரி மலர் இரண்டு பிரதியும் வந்து பதினேழு நாளாகிறது. ஒன்றில் ‘அம்மா அப்பாவுக்கு’ என்றும், இன்னொன்றில் ‘மதலேன் அத்தைக்கு, அவங்க கையிலயே கொடுக்கவும்’ என்றும் எழுதியிருந்தாய். உன் கட்டுரை வந்திருக்கிறது என்றதும் கைகூடக் கழுவாமல், தோசைக்கல் அடுப்பில் இருக்க, நின்றபடியே படித்தேன். ‘எனக்குப் படித்துக் காட்டியவர்’ என்ற தலைப்பைப் பார்த்ததும், என் பிள்ளை என்னைப் பற்றி எழுதியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். வேறு யாரை நினைப்பேன்? நான்கு பக்கம். நான்கு பக்கமும் மதலேன். எனக்கு ஒரு வரி: ‘வீட்டில் அம்மா வாங்கி அட்டை போட்டு வைத்த புத்தகங்கள் இருந்தன.’ அட்டை போட்டவள் நான். கீழே கட்டுரையாளர் பெயர் சூசை என்று அச்சாகியிருக்கிறது. ஞானஸ்நானத்தில் ஜோசப் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தது நான். அதையே தமிழில் சூசை என்று கூப்பிட்டது நம் புளிக்களத்துப் பெண்கள். தோசை கருகிய வாசனை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, ஜோசப், ஆனால் அன்றைக்கு ஒரு நாளில் பத்து வயது மூத்துப்போனேன்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம். அப்போதும் பொறாமைதான், இப்போதும் பொறாமைதான். அதை வேறு பெயர் சொல்லி மூடிவைத்த வருஷங்கள் போதும்.

திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தவள் நான். வாய்விட்டுப் படிக்கும் போட்டியில் இரண்டு வருஷமும் கோப்பை எனக்குத்தான். கல்யாணமாகி இண்டூர்ப் பக்கம் இந்த வீட்டுக்கு வந்தபோது என் தகரப் பெட்டியில் பாதிக்குப் பாதி புத்தகம். நீ பிறந்த பிறகு ஒரே ஒரு திட்டம் வைத்திருந்தேன்: என் பிள்ளைக்கு நானே படித்துக் காட்டி அவனைப் படிக்கிறவனாக ஆக்குவது. தினம் சாயங்காலம் செபமாலை முடிந்ததும், கை கால் கழுவி, பாயில் நேராக உட்காரவைத்து, ஒரு பக்கம் படிப்பேன். ழகரம் பிசகாது. ஒரு பக்கம் முடிந்ததும், “என்ன புரிஞ்சுது, சொல்லு” என்று கேட்பேன். தப்பாகச் சொன்னால் மறுபடியும் அதே பக்கம். நீ கொட்டாவி விடுவாய். கொட்டாவி விட்டதற்குத் தொடையில் ஒரு கிள்ளு. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து நீ அதற்குப் படித்துக் காட்டும் காலம் வரும். அப்போது முடிவில் கேள்வி மட்டும் கேட்காதே. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, உன் கொட்டாவியிலிருந்துகூட நான் கற்றுக்கொள்ளவில்லை.

மாசியிலிருந்து சித்திரை வரை நம் வீட்டுக்குப் பின்னால் களத்தில் புளி வந்து குவியும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஓடு நீக்கி, நார் உருவி, கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். மதலேன் மட்டும் தட்டமாட்டாள். கோயில் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை போனவள் அவள் ஒருத்திதான் என்பதால், வாரப் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு எல்லாருக்கும் தொடர்கதை படிப்பாள். படிக்கிறவளின் வேலையை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு பிடி, தட்டிய புளியை அவள் முறத்தில் போடுவார்கள். பிடிப்புளி என்று அதற்குப் பேர். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் கையாலும் போட்டிருக்கிறாய். அந்தப் பத்திரிகையே என்னுடையதுதான். உன் அப்பா தர்மபுரியில் தாலுகா ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கிவருவார், நான் படித்துவிட்டு மதலேனுக்குக் கொடுப்பேன். கொடுத்த காலத்தில் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, படிப்பறிவைத் தானம் செய்கிறேன் என்று.

அவள் படிப்பதை அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்பேன். ஐயோ, அது என்ன படிப்பு! வாயில் நுழையாத வார்த்தை வந்தால் “இன்னாவோ ஒண்ணு” என்று தாண்டிப் போய்விடுவாள். நடுவில் கதையில் வருகிறவர்களை வைவாள். “கட்டயில போறவனே, உம் பொண்டாட்டி அங்க காஞ்சு கெடக்கா, நீ இங்க சீட்டாடுறியா” என்று அவள் கத்தினால், கதையில் இருக்கிறதா, இவளாகச் சொல்கிறாளா என்று தெரியாது. யாராவது தட்டுவதை நிறுத்தி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால், அவளும் வாயை மூடிக்கொள்வாள். “தட்டுங்கடி. சத்தம் வந்தாத்தான் செண்பகம் கெணத்த விட்டு ஏறுவா” என்பாள். செண்பகம்தான் அந்தத் தொடர்கதையின் கதாநாயகி. கட்டைகள் எல்லாம் சேர்ந்து விழும். நீ பள்ளிக்கூடத்துப் பையைக்கூட இறக்காமல் அவள் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய், கை, வாய், சட்டை எல்லாம் புளி. சாயங்காலம் என் பாயில் வந்து உட்கார்ந்து கொட்டாவி.

சேலத்திலிருந்து நம் ஜில்லா பிரிந்த மறு வருஷம், உனக்கு ஏழு வயது. ஒரு நாள் நான் பக்கத்தைத் திருப்பும்போது நீ சொன்னாய்: “அம்மா, நீ படிச்சா பாடம் மாதிரி இருக்கு. அத்த படிச்சா கண்ணுல தெரியுது.” நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனேன். அந்த வாரப் பத்திரிகையை மதலேனுக்குக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவளிடம், “வாங்கறத நிறுத்திட்டோம் மதலே, கட்டுப்படியாகல” என்றேன். பொய். வந்ததை வரவரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். “அதுக்கென்னாங்க, வந்தா குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி களம் அமைதியாகிவிடும், பிள்ளை என்னிடம் வந்துவிடுவான் என்று நினைத்தேன். மறுநாளும் ஜன்னல் வழியே அவள் குரல். எட்டிப் பார்த்தேன். மடியில் போன வருஷத்துப் பழைய பத்திரிகை விரிந்திருக்கிறது, வாயிலிருந்து புதுக் கதை வருகிறது. அச்சில் அந்த வாரம் செண்பகம் மூன்று பக்கம் ஜன்னலோரம் நின்று அழுகிறாள், ரங்கூனுக்குப் போன புருஷனை நினைத்து. மதலேன் ‘படித்த’ செண்பகமோ புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்கு இட்லிக் கடை போட்டுவிட்டாள். காசு கொடுக்காமல் வண்டியை எடுத்தவனை மேட்டில் ஓடிப்போய் மடக்கிச் சட்டையைப் பிடித்துவிட்டாள். களமே சிரித்தது. படிக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை, யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஜோசப். இப்படி ஒரு கற்பனை எனக்கு இல்லையே என்ற எரிச்சல்தான் வந்தது.

அன்று சாயங்காலம் நான் பெட்டியைத் திறந்து உன்னிடம் காட்டினேன். “இதுதான் நிஜக் கதை. அத்தை உன்கிட்டப் பொய் சொல்றா” என்று சொல்லி, அழும் செண்பகத்தை முழுசாகப் படித்தேன். நீ பொறுமையாகக் கேட்டாய். கேட்டுவிட்டு, “இவ எப்பப் பாத்தாலும் அழுவுறா. அத்தயோட செண்பகந்தான் நல்லாருக்கா” என்றாய்.

மறுநாள் நடந்ததை உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அம்மாவின் பெட்டியிலிருந்து பத்திரிகையைத் திருடி எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன், எல்லார் முன்னாலும் அத்தையிடம் கொடுத்தேன், இதில் வேறு மாதிரி இருக்கிறது என்றேன், என் ஏழு வயதுத் திருட்டால் ஒரு நல்ல குரல் ஓய்ந்தது என்று. ஜோசப், நீ திருடவில்லை. பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. பத்திரிகையை எடுத்து உன் கையில் கொடுத்தது நான். “கொண்டு போய்க் குடு. எல்லாரும் இருக்கும்போது குடு. இதுல இருக்கறதப் படிக்கச் சொல்லு” என்று சொல்லி அனுப்பியதும் நான். ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காளியம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு எதிலும் வாய் முந்தும். “ஏண்டி மதலே, அப்ப இட்லிக் கடயெல்லாம் நீயா வெச்சதா?” என்றாள். சிரிப்போடுதான் ஆரம்பித்தது. அப்புறம் இன்னொருத்தி, “நாங்க இங்க கை வீங்கத் தட்டுறோம், இவ வாய்க்கு வந்தத ஒளறிட்டு புடிப்புளி வாங்கறாளா?” என்றாள். ஒருத்தி முறத்தில் போட்ட பிடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். மதலேன் பத்திரிகையை மடித்து உன் கையில் கொடுத்துவிட்டு, ஓரமாகக் கிடந்த கட்டையை எடுத்து வரிசையில் உட்கார்ந்தாள். நீ அவள் பக்கத்தில் போனாய். “போ கண்ணு, வூட்டுக்குப் போ” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ராத்திரி நீ சாப்பிடாமல் அழுதாய். உன் அப்பா காரணம் கேட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. “பெட்டியில இருந்த பத்திரிகைய எடுத்துட்டு ஓடி, அந்தப் பொம்பளய அவமானப்படுத்திட்டான்” என்றேன். நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். உன் அப்பா உன்னை மாதா சுரூபத்தின் முன்னால் கையை விரித்து முழங்கால் போடச் சொன்னார். கை தளரத் தளர நீ தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

இதைவிட ஒன்று இருக்கிறது. மறு வருஷம் உனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். என்னென்ன பாவம் சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். கோபப்பட்டேன், சர்க்கரை எடுத்துத் தின்றேன் என்று சொல்லிவிட்டு, “அம்மா, அந்தப் பத்திரிகைய எடுத்ததயும் சொல்லணுமா?” என்று கேட்டாய். நான் உன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். “சொல்லு” என்றேன். என் பாவத்தை நீ எட்டு வயதில் சாமியாரிடம் சொல்லி, அதற்கு அபராதமாகச் செபமும் செய்தாய். நான் இத்தனை வருஷமாக ஒவ்வொரு பாஸ்கா காலத்திலும், ஈஸ்டர் நெருங்கும்போது, அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டிருக்கிறேன். மாமியாரை எதிர்த்துப் பேசினேன், பூசைக்குத் தாமதமாக வந்தேன் என்று என்னென்னவோ சொல்வேன், இதை மட்டும் சொன்னதில்லை.

மதலேன் படிப்பை விட்ட பிறகு களத்தில் என்னைப் படிக்கச் சொன்னார்கள். போனேன். கோப்பை வாங்கிய குரலில் படித்தேன். மூன்றாம் நாள், ஆடு காணாமல் போனதைப் பற்றி என் குரலுக்கு மேலே பேச ஆரம்பித்துவிட்டார்கள். காளியம்மாவுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். “நீங்க நல்லாத்தான் படிக்கறீங்கம்மா. சாமியாரு பிரசங்கம் வெக்கறாப்பலயே இருக்குதுங்க” என்றாள். அதோடு நிறுத்திவிட்டேன். நீயும் என் பாய்க்குத் திரும்பி வரவில்லை. மூலையில் உட்கார்ந்து மனசுக்குள் படிக்கத் தொடங்கினாய், ஒன்றை முடித்து ஒன்றை எடுத்தாய். உறவுக்காரர்கள் வந்தால், “காலேஜில படிச்ச அம்மா இருந்தா பின்ன எப்படி இருக்கும்” என்று சொல்வார்கள். நான் காபி ஊற்றிக்கொண்டே சிரித்து வைப்பேன். எந்தப் புத்தகத்திலாவது அந்த இட்லிக் கடைக்காரி வருகிறாளா என்றுதான் நீ தேடிக்கொண்டிருந்தாய் என்பது உன் கட்டுரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மதலேனுக்கு நீ அனுப்பிய பிரதியை நான் கொடுக்கவில்லை. பதினாறு நாள் பெட்டியில் வைத்திருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நேற்று உன் கடிதம் வந்தது, ‘அத்தை என்ன சொன்னார்கள்?’ என்று மட்டும் கேட்டிருந்தாய், என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்று மத்தியானம் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அவள் நம் களத்துக்கு வருவதில்லை, தெற்குத் தெருவில் வேறொரு புளிக்களத்தில் தட்டுகிறாள். தலை நரைத்துவிட்டது, கை அதே வேகம். “சூசை எழுதியிருக்கான், உன்னைப் பத்தி” என்று கொடுத்தேன். அட்டையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் விடவில்லை. “சத்தமாப் படி அக்கா, நம்ம பேரெல்லாம் புஸ்தகத்துல வருதா பாக்கலாம்” என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கி, தாளைத் தூரமாகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து. அதே குரல், அதே “இன்னாவோ ஒண்ணு.”

நான் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கட்டுரை எனக்கு மனப்பாடம். திருட்டு வரும் இடத்துக்கு இன்னும் எத்தனை வரி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் மதலேன் ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே படித்தாள்: “அப்பறம் அத்தைக்கு வேல ஜாஸ்தியாப் போச்சி, படிக்கறத விட்டுட்டாங்க. எங்கம்மா காலேஜு படிச்சவங்க. அவங்க குடுத்த பத்திரிக இல்லைன்னா அத்தையும் இல்ல, நானும் இல்ல. இந்தப் பேரு எல்லாம் எங்கம்மாவுக்குத்தான் சேரும்.” பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, “பெத்தா இப்படிப் பெக்கணும்” என்றாள். அந்த வரி ஒன்றுகூட நீ எழுதியதில்லை என்பது அங்கே எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

கிளம்பும்போது வேலி வரைக்கும் கூட வந்தாள். “எதுக்கு மதலே அப்படிப் படிச்ச?” என்றேன். “அது கெடக்குதுங்க. ஏழு வயசுப் பையன் திருடுனான்னு ஊரெல்லாம் கேக்கணுமா?” என்றாள். கொஞ்சம் நடந்து, “பெட்டிச் சாவி எப்பவும் உங்க இடுப்புலதான இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் மனம் திருந்தி, பொறாமை எல்லாம் தீர்ந்து வீடு வந்தேன் என்று எழுத ஆசைதான். வரும் வழியெல்லாம் எனக்கு எரிந்துகொண்டே வந்தது. என்னைப் பற்றி இன்று காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தையும் அவள் வாயிலிருந்து வந்தது, என் பிள்ளை எழுதியது இல்லை. அவளால் அப்படிக் கொடுக்க முடிகிறது. என்னால் ஒரு பழைய பத்திரிகையைக் கொடுக்க முடியவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான்: உன் பிள்ளை நாளைக்கு யார் மடியில் உட்கார்ந்து கதை கேட்டாலும், அந்த மடியோடு போட்டி போடாதே. பக்கத்தில் போய் நீயும் உட்கார்ந்து கேள். அந்தக் களத்தில் இடம் இருந்தது, ஜோசப். நீ அங்கே கதை கேட்ட காலமெல்லாம் நான் ஜன்னலில் நின்றே ஓட்டிவிட்டேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய் சாமியாரிடம் சொல்லப்போகிறேன். உன் அப்பாவிடம் விடிந்ததும் சொல்லிவிடுவேன். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் தூங்காமல் எழுதுகிறேன். ஏழு வயதில் நடந்தது ஒருவனுக்கு மறந்துபோகலாம், பெரியவர்கள் சொன்னதே தன் ஞாபகமாகப் போய்விடலாம். அப்படித்தான் என்றால், அந்தத் திருட்டை இன்றோடு உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு, அது உன்னுடையதில்லை. ஆனால் அன்று ராத்திரி நீ நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நான் உன் கையில் கொடுத்தது உனக்கு நன்றாக ஞாபகம் இருந்தும், அச்சில் என் பெயர் கெடக்கூடாது என்று நீயே ஏற்றுக்கொண்டு எழுதினாயா? எதுவானாலும் உள்ளது உள்ளபடி எழுது. மதலேனுக்கு எழுதுவதைத் தனியாக அவளுக்கு எழுது, நான் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். இதற்கு மட்டும் எனக்குப் பதில் போடு. சீக்கிரம் போடு.

அம்மா